மாட்சலிகரின் ஆவணங்களை எங்கே தேடுவது?

வணக்கம். காலணி இயந்திரம் கண்டுபிடித்த யான் எர்ன்ஸ்ட் மாட்சலிகரின் கடிதங்களும் கணக்கேடுகளும் அவர் பெயரில் தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தென் அமெரிக்காவில் இன்றைய சூரினாம் நாட்டிலுள்ள பரமாரிபோவில் 1852-இல் பிறந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில லின் நகரக் காலணித் தொழிற்சாலைகளில் உழைத்து, 37 வயது நிறைவதற்குள் காசநோயால் மறைந்தவர் அவர். ஆகவே பெயரை விட்டுவிட்டு, அவர் கைமாற்றிய உரிமைகளின் வழியே தேடுங்கள்.

முதலில் 1883 மார்ச் 20 அன்று வழங்கப்பட்ட 274,207 எண்ணுள்ள காப்புரிமையை எடுத்துப் படியுங்கள். காலணியின் மேல்தோலைக் கால் வடிவ அச்சின்மீது இழுத்து மடித்து ஆணியடிக்கும் கைத்திறனை இயந்திரத்துக்குக் கற்பித்த அந்த வரைபடங்களைவிட அவர் மனத்தை நெருங்கிக் காட்டும் தாள் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. முதலீட்டுக்கு ஈடாக மெல்வில் நிக்கல்ஸ், சார்லஸ் டெல்நோ ஆகிய இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கு உரிமையை அவர் விட்டுக்கொடுக்க நேர்ந்ததால், வணிகத் தாள்களை அவ்விருவர் பெயரிலும், பின்னர் உரிமையைப் பெற்ற நிறுவனங்களின் பெயரிலும் தேட வேண்டும். அவர் 1889-இல் இறந்த பின்னும் 1891 வரை அவருடைய காப்புரிமைகள் வெளிவந்தன, அவற்றையும் விடாதீர்கள்.

தனி வாழ்வைப் பொறுத்தவரை, தம்மை ஏற்றுக்கொண்ட லின் நகர வடக்குக் காங்கிரிகேஷனல் திருச்சபைக்கு அவர் தம் நிறுவனப் பங்குகளை எழுதிவைத்தார் என்பதால், லின் நகரம் அடங்கிய எசெக்ஸ் மாவட்டத்தின் உயில் பதிவுகளையும் அத்திருச்சபையின் ஏடுகளையும் கேட்டுப் பாருங்கள்.