மாடல் காருக்குப் பெயின்ட் அடித்ததும் கதவுக் கோடுகள் காணாமல் போவது ஏன்?

கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றைச் சுற்றி ஓடும் மெல்லிய பள்ளத்தைத்தான் பேனல் கோடு என்கிறோம். 1:24 அளவு மாடலில் எல்லாமே 24-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 4.8 மீட்டர் கார் 20 செ.மீ. ஆகும், 4 மி.மீ. கதவு இடைவெளி வெறும் 0.17 மி.மீ. தான். ஆனால் பெயின்ட் சுருங்குவதில்லையே! பள்ளத்தின் இரு பக்கமும் 0.08 மி.மீ. படிந்தாலே கோடு கிட்டத்தட்ட மூடிவிடும். ஜன்னலுக்குத் திரும்பத் திரும்பப் பெயின்ட் அடித்தால் திருகின் தலையிலுள்ள வெட்டு அடைந்துபோகுமே, அதே கதைதான்.

அதனால் பிரைமர் அடிக்கும் முன்பே கோடுகளை ஆழப்படுத்திவிடுங்கள். கத்தி முனையின் பின்பக்கத்தால் மெதுவாகப் பல முறை இழுத்தால் பிளாஸ்டிக் மெல்லிய சுருளாக வரும். அழுத்தி ஒரே இழுப்பில் முடிக்க நினைத்தால் கத்தி வழுக்கி, கதவின் நடுவே கீறல் விழும். அப்புறம் பெயின்டை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றையும் காயவிட்டு அடியுங்கள். மெட்டாலிக் நிறம் என்றால் மினுக்குத் துகள் மிக நைசாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். துகள் பெரிதாக இருந்தால் மாடல் உண்மையான கார் போலவே தெரியாது.

பெயின்ட் தடிமனாக இருந்தால்தான் பளபளப்பு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பளபளப்பைத் தருவது மேற்பரப்பின் வழவழப்புதான், தடிமன் அல்ல.