கைவேலை கேள்வி-பதில்: வாழ்த்து அட்டைக்குச் சொரசொரப்பான பின்னணி

கேள்வி: சார்ட் பேப்பரை மடித்துப் பொங்கல் வாழ்த்து செய்கிறேன். பின்னணிக்கு வாட்டர்கலர் பூசினால் தாள் அலையலையாக நெளிந்துவிடுகிறது. இஸ்திரி போட்டும் சரியாகவில்லை. வேறு கலர் வாங்க வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கலரில் குறை இல்லைங்க, தாளில்தான். காகிதத்தின் இழைகள் தண்ணீரைக் குடித்தால் உப்பிவிடும், நீங்கள் பூசிய பக்கம் மட்டும் உப்பி அடிப்பக்கம் அப்படியே இருப்பதால் தாள் நெளிகிறது. சார்ட் பேப்பர் அந்த ஈரத்தைத் தாங்காது. கடையில் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் ஷீட் என்று கேளுங்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் எடை. நாம் ஜெராக்ஸ் எடுக்கிற தாள் 70, 80 கிராம்தான். இந்த வித்தியாசத்தைக் கையில் பிடித்தாலே உணரலாம்.

விலை கூடுதல் என்று தயங்குவீர்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது, இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பதும் இதைத்தான்: பின்னணியை அட்டையின் மேலேயே செய்யாதீர்கள், தனித் துண்டில் செய்து அட்டையில் ஒட்டுங்கள். ஒரு ஏ4 ஷீட்டை நாலாக வெட்டினால் நான்கு அட்டைக்கு முகப்பு கிடைக்கும். ஒன்று சரியாக வராவிட்டால் அந்தத் துண்டோடு போகும், முழு அட்டையும் வீணாகாது. மடிப்பு வெடிக்காது, உள்பக்கம் எழுதவும் சுத்தமாக இருக்கும். பூசும்போது துண்டின் நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகே பிரியுங்கள். அப்படியும் லேசாக நெளிந்தால் பின்பக்கம் ஈரத்துணியால் ஒற்றி, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

கேள்வி: வீடியோக்களில் எம்பாஸிங் மெஷின் வைத்து அழகாக மேடுபள்ளம் எழுப்புகிறார்கள். அவ்வளவு செலவு செய்ய முடியாது. வீட்டில் இருப்பதை வைத்து முடியுமா?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாக முடியும். மெஷின் போடுகிற டிசைன் யார் செய்தாலும் ஒரே மாதிரி இருக்கும், கையால் செய்வது ஒன்றைப்போல் இன்னொன்று வராது, எனக்கு அதுதான் பிடிக்கும்.

முதலில் மைதா பசை. கால் கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள், கெட்டியாகிப் பளபளப்பு வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். அதில் போஸ்டர் கலரோ அக்ரிலிக்கோ கலந்து, அகலமான பிரஷ்ஷால் துண்டின் மேல் தடவி, ஈரம் காய்வதற்குள் பழைய சீப்பால் இழுங்கள். நேராக இழுத்தால் கோடு, கையை அசைத்து இழுத்தால் அலை, பேனா மூடியை அழுத்தினால் வட்டம். பிடிக்கவில்லையா, பிரஷ்ஷால் ஒரு தடவு தடவிவிட்டு மறுபடி இழுக்கலாம், அதுதான் இந்த முறையின் வசதி. ஜெர்மனியில் 18-ஆம் நூற்றாண்டில் புத்தக அட்டைகளுக்கு இப்படித்தான் தாள் செய்தார்கள், ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் பெண்கள் செய்த தாள்களுக்குத் தனிப்பெயர் இருந்தது. மைதா என்பதால் பூச்சி வரும் என்று பயந்தால் ஆறிய பசையில் சில சொட்டு கிராம்பு எண்ணெய் விடுங்கள். பைண்டிங் கடையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம், வீட்டில் வேண்டவே வேண்டாம்.

தொட்டால் கைக்குத் தெரிகிற மேடு வேண்டுமென்றால் இரண்டு பங்கு சாக் பவுடர், ஒரு பங்கு ஃபெவிகால், கொஞ்சம் வெள்ளை அக்ரிலிக் சேர்த்து, தேவைப்பட்டால் சொட்டுத் தண்ணீர் விட்டு, இட்லி மாவு பதத்துக்குக் குழையுங்கள். சுவருக்குப் பூசும் தூள் புட்டியிலும் செய்கிறார்கள், ஆனால் அதில் வெள்ளை சிமென்ட் இருப்பதால் தோலை அரிக்கும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் தவிர்த்துவிடுங்கள். ஸ்டென்சிலுக்கு, அதாவது டிசைன் ஓட்டை போட்ட தகட்டுக்கு, கடைக்குப் போக வேண்டாம். கோலம் போடுகிற பிளாஸ்டிக் அச்சு தட்டையாக இருந்தால் அதைத் துண்டின் மேல் வைத்து, பழைய ஏடிஎம் கார்டால் கலவையை ஒரே இழுப்பாக வழித்துவிட்டு, நேராக மேலே தூக்குங்கள். கோலம் புள்ளி புள்ளியாக எழும்பி நிற்கும். மார்கழியில் செய்து வைத்தால் பொங்கலுக்கு அனுப்பிவிடலாம். சேலை பார்டரில் மிச்சமான லேஸும் இதற்கு நன்றாக உதவும். அச்சை உடனே கழுவிவிடுங்கள், காய்ந்துவிட்டால் ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: வாட்டர்கலர் மேல் உப்பு தூவினால் பூப்பூவாக வரும் என்றார்கள். எனக்கு எதுவுமே வரவில்லை.
– வாசகர், சேலம்

பதில்: தூவுகிற நேரம் தப்பியிருக்கும். தண்ணீர் தேங்கி நிற்கும்போது போட்டால் உப்பு கரைந்துவிடும், காய்ந்த பிறகு போட்டால் பயனே இல்லை. தாளைச் சாய்த்துப் பாருங்கள், ஈரத்தின் பளபளப்பு மங்கத் தொடங்குகிற நேரத்தில் தூவ வேண்டும். உப்பு பக்கத்திலிருக்கிற தண்ணீரை இழுக்கும்போது நிறமும் நகர்ந்து போய், அங்கே வெளிறிய பூ விழும். கல் உப்புக்குப் பெரிய பூ, தூள் உப்புக்குப் பொடிப் பூ. கெட்டியாகப் பூசிய போஸ்டர் கலரில் இது வராது. ஹேர் டிரையர் காட்டாமல் தானாகக் காயவிட்டு, அப்புறம் உப்பைத் தட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு. என்னிடம் கிரேயான் மட்டும்தான் இருக்கிறது. பின்னணி செய்ய முடியுமா?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: முடியும் தம்பி. அரச இலையை நரம்பு எழும்பிய அடிப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி வை, அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய். மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஓவியர் 1925-இல் மரத்தளத்தின் மேல் தாளை வைத்துத் தேய்த்தே ஓவியங்கள் செய்யத் தொடங்கினார், உனக்கும் பாய், முறம், கதவு என்று வீடு முழுக்க டிசைன் இருக்கிறது. தேய்த்த தாள்மேல் வாட்டர்கலரைத் தண்ணியாகப் பூசினால் கிரேயானில் மெழுகு இருப்பதால் அந்த இடத்தில் கலர் ஒட்டாது, நரம்புக் கோடுகள் பளிச்சென்று தெரியும்.

கேள்வி: மேடுபள்ளப் பின்னணியில் பேனா ஓடவில்லை, "வாழ்த்துகள்" என்று எழுதினால் படிக்கவும் முடியவில்லை. தபாலில் போனால் நசுங்கியும் விடுகிறது.
– வாசகி, கோவை

பதில்: எழுத்துக்கும் தனித் துண்டுதான். வழுவழுப்பான வெள்ளைத் தாளில் எழுதி, பின்னணியின் அமைதியான பகுதியில் ஒட்டுங்கள். ஒட்டப்போகும் இடத்தை முதலிலேயே டேப் போட்டு மறைத்துவிட்டால் அங்கே மேடு விழாது. ஒரு அட்டையில் ஒரு சொரசொரப்பு போதும். உப்பு, சீப்பு, லேஸ் எல்லாவற்றையும் ஒன்றில் சேர்த்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும்.

தபாலுக்கு எடையையும் பாருங்கள். 250 ஜிஎஸ்எம் ஏ5 தாளை மடித்தால் அட்டை சுமார் 8 கிராம், 300 ஜிஎஸ்எம் முகப்பு சுமார் 5 கிராம், கவர் வேறு, அதற்கு மேல் சாக் பவுடர் கலவை என்றால் தபால் கட்டணத்தின் முதல் 20 கிராம் வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால் தபாலில் போகிறவற்றுக்கு மைதா பசையோ உப்போ போதும், மேடு அதிகமுள்ளவற்றை நேரில் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் இரண்டு நாள் முழுசாகக் காயவிட்டு, மேலே ஒரு பட்டர் பேப்பரும் கெட்டி அட்டைத் துண்டும் வைத்து, தபால் நிலையத்தில் எடை போட்டு ஸ்டாம்ப் ஒட்டுங்கள்.