நகைப் பட்டறைப் படத்துக்கு எந்த லென்ஸ்?

வணக்கம் நண்பரே. நகைப் பட்டறை ஆவணப்படத்துக்கு 50 மிமீ டி1.5 சினிமா லென்ஸா, 60 மிமீ எஃப்2.8 மேக்ரோவா (மிக அருகில் வைத்து எடுக்கும் லென்ஸ்) என்று கேட்டிருந்தீர்கள். டி, எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் பெரிது, உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம். மேக்ரோவையே வாங்குங்கள். அந்த மாதிரி சினிமா லென்ஸ்களுக்குப் பொதுவாகக் கிட்டத்தட்ட அரை மீட்டர் தள்ளி நின்றால்தான் ஃபோகஸ் கிடைக்கும். அங்கிருந்து மூக்குத்தி வெறும் புள்ளி. மேக்ரோவில் கல்லைப் பிடித்திருக்கும் கம்பிகூடத் தெரியும்.

பட்டறை இருட்டு என்பதால்தான் டி1.5 மேல் ஆசை, புரிகிறது. ஆனால் 1:1 அளவில், அதாவது பொருள் அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்படி எடுக்கும்போது, எஃப்2.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. துவாரத்தை எஃப்8 வரை மூடத்தான் வேண்டும்; அப்போது வெளிச்சம் இன்னும் குறையும். நான் ஒரு தோட்டை, லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்து எடுத்தேன். நடுக்கல் மட்டும் பளிச்சென்று, சுற்றுக்கற்கள் எல்லாம் கலங்கல். மறுநாள் திரும்பப் போக வேண்டியதாயிற்று. அதனால் மிச்சப் பணத்தில் சின்ன எல்இடி விளக்கு வாங்கி, வெள்ளைத் துணி வழியாக அடியுங்கள். அப்புறம், பத்தரின் முகத்துக்கும் அந்த 60 மிமீ நன்றாகவே இருக்கும்.