நீதிமன்றம் துணிந்தால் எங்களுக்கு என்ன? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறேன். புதிய அரசியலமைப்பு என்று ஒன்று வந்தால், துணிந்து தலையிடக்கூடிய அரசியலமைப்பு நீதிமன்றம் ஒன்று அதில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதை எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெரிய வாக்குவாதமாகிவிட்டது.

2006இல் வடக்கையும் கிழக்கையும் பிரித்தது துணிந்து தலையிட்ட நீதிமன்றம்தானே? அதே வருஷம் சிங்கராசா வழக்கில், ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிடும் வழிக்கு அரசு இணங்கியதே அரசியலமைப்புக்கு முரண் என்று சொன்னதும் அதே நீதிமன்றம்தான். அதற்கு இன்னும் அதிகாரம் கொடுத்து எங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அடுத்தது, இந்தியா, தென்னாபிரிக்கா, கொலம்பியா நாட்டு நீதிமன்றங்கள் என்று எங்களுக்குப் பாடம் நடக்கிறது. வறிய நாடொன்றில் காசை எங்கே செலவழிப்பது என்பதை மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் தீர்மானிப்பது ஜனநாயகமா? உங்கள் பதில் கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு மாணவன், தெல்லிப்பழை

அன்புள்ள தம்பி,

கடுமையாகப் பதில் சொல்ல ஒன்றுமில்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

2006இலிருந்தே தொடங்குகிறேன். அந்தத் தீர்ப்பின் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. 1988இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தன அவசரகால ஒழுங்குவிதியைக் கொண்டு இரண்டு மாகாணங்களையும் இணைத்தார். அப்படிச் செய்ய அவருக்கு அதிகாரம் இருக்கவில்லை என்று 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி உயர் நீதிமன்றம் சொன்னது. பதினெட்டு வருஷம் நடைமுறையில் இருந்த ஏற்பாடு. அதன்மேல் ஒரு ஒப்பந்தம், ஒரு யுத்தம், எத்தனையோ பேச்சுவார்த்தைகள். அவ்வளவும் ஒரு தீர்ப்போடு போயிற்று.

ஆனால் அதற்கு அடுத்த வருஷத்தையும் பாருங்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. அதே நீதிமன்றம், பிரதம நீதியரசரும் அதே சரத் என். சில்வாதான். ஒரு முறை எங்களை வெட்டியது, மறுமுறை எங்களைக் காத்தது. துணிவு இரண்டு தடவையும் இருந்தது. அந்தத் துணிவு எந்தப் பக்கம் திரும்பும் என்பது தனியொருவர் கையில் இருந்ததுதான் என் குறை. எந்த வழக்கை எந்த நீதிபதிகள் கேட்பது, எத்தனை பேர் அமர்வது என்பதைப் பிரதம நீதியரசரே முடிவு செய்கிறார். தென்னாபிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் 11 பேர். குறைந்தது எட்டுப் பேர் அமர்ந்தால்தான் வழக்கைக் கேட்கலாம். யாரை விடுவது, யாரைச் சேர்ப்பது என்ற விளையாட்டுக்கு அங்கே இடம் குறைவு. நான் தனி நீதிமன்றம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போதிருக்கும் நீதிமன்றத்துக்கு இன்னும் அதிகாரம் கொடுங்கள் என்று நான் எழுதவில்லை.

சரி, இனி மற்றப் பக்கம். தலையிட்ட நீதிமன்றத்தால் எங்களுக்கு வந்த கேட்டை எல்லோரும் பேசுகிறோம். தலையிடாத நீதிமன்றத்தால் வந்ததை ஏனோ பேசுவதில்லை. கோடீஸ்வரன் வழக்கை உங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள், அரச ஊழியர் சம்பளம் கேட்டு வழக்குப் போடலாமா என்ற கேள்விக்காக. எனக்கு அது வேறு ஒரு கதை.

கோடீஸ்வரன், கேகாலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச செயலகத்தில், வேலை பார்த்த ஒரு தமிழ் எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். அப்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்கிறது. அப்படியென்றால் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் எப்படிச் செல்லும் என்று கேட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி டி கிரெற்சர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். நினைத்துப் பாருங்கள், ஒரு மாவட்ட நீதிபதி! 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டம் சரியா பிழையா என்ற கேள்விக்குள்ளேயே அது போகவில்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குப் போட முடியாது என்று சொல்லி விட்டுவிட்டது. 1969இல், அப்போது எங்கள் நாட்டுக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம், வழக்குப் போடலாம், மொழிச் சட்டம் செல்லுமா என்பதை நீங்களே விசாரித்து முடிவெடுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவே இல்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது, 29ஆம் பிரிவு இல்லாமல் போயிற்று.

அந்தக் கேள்விக்கு இன்றைக்கு வரைக்கும் பதில் இல்லை. மொழிச் சட்டம் செல்லாது என்று ஒரு நீதிமன்றம் அறுபதுகளிலேயே முடிவாகச் சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வழக்குப் போட்டு, படிப்படியாக ஏறி, லண்டன் வரைக்கும் போய் வென்ற ஒரு மனிதருக்கு நாட்டின் நீதிமன்றம் வாயே திறக்கவில்லை என்பதைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2006 தீர்ப்பைவிட எனக்கு அந்த மௌனம் வலிக்கிறது.

அந்த மௌனம் இப்போது சட்டமாகவே இருக்கிறது. 1978 அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரையின்படி, சபாநாயகர் சான்று வைத்த பிறகு ஒரு சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும் சில நாட்களுக்குள் ஓடிப்போய் எதிர்த்தால் உண்டு, தவறினால் அவ்வளவுதான். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்ட பிள்ளை நீதிமன்றத்தில், என்னைச் சட்டப்படி நடத்தவில்லை என்று சொல்லலாம். அந்தச் சட்டமே அநியாயம், அதைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்க வழி கிடையாது.

கொலம்பியாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்த சனத்தின் பிள்ளைகள் நீங்கள். உங்களுக்குக் கொலம்பியா தூரத்து நாடாக இருக்கக்கூடாது. அங்கேயும் உள்நாட்டுப் போர், அங்கேயும் லட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தவர்கள். நிவாரணம் கிடைக்கவில்லை என்று தனித்தனியாக வந்த 108 மனுக்களை அரசியலமைப்பு நீதிமன்றம் 2004இல் ஒன்றாக எடுத்தது. அவற்றுக்குப் பின்னால் 1,150 குடும்பங்கள் இருந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே தீர்ப்புக் கொடுத்து முடித்திருக்கலாம். நீதிமன்றம் அப்படிச் செய்யவில்லை. இடம்பெயர்ந்தவர்களை அரசு நடத்தும் விதம் முழுவதுமே அரசியலமைப்புக்கு முரணான நிலை என்று அறிவித்தது. வரவுசெலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கினீர்கள், யார் பொறுப்பு, எப்போது முடிப்பீர்கள் என்று அமைச்சுகளைக் கேட்டது. பிறகு கோப்பை மூடவுமில்லை. வருஷக்கணக்காகப் பகிரங்க விசாரணை வைத்து, அதிகாரிகளையும் இடம்பெயர்ந்தவர்களையும் எதிரெதிரே இருத்திக் கேள்வி கேட்டது.

தென்னாபிரிக்காவின் குரூட்பூம் வழக்கு இதற்கு நேர்மாறு. வீட்டுரிமை பற்றி 2000ஆம் ஆண்டில் வந்த அருமையான தீர்ப்பு அது. உலகமெல்லாம் படிப்பிக்கிறார்கள். தீர்ப்போடு நீதிமன்றம் கையைக் கழுவிக்கொண்டது. அந்த வழக்குக்குத் தன் பெயரைக் கொடுத்த ஐரீன் குரூட்பூம் 2008இல் சொந்த வீடில்லாமலே இறந்துபோனார்.

எங்களுக்குக் கிட்ட உள்ள உதாரணம் சுன்னாகம். ஆறு இல்லாத ஊர் எங்களுடையது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர்தான் குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க. அந்தக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, அள்ளிய வாளியில் வெயில் பட்டால் படலம் நிறம் நிறமாக மினுங்கும்; சுட்டாறிய பிறகும் தேத்தண்ணீரில் டீசல் மணம். தண்ணீர் பவுசர் வரும் நேரத்தைப் பார்த்து ஒழுங்கையில் குடங்களை வரிசையாக வைத்தார்கள். அனல் மின்நிலையக் கழிவுதான் காரணம் என்று 2015இல் சூழல் அமைப்பொன்றின் சார்பில் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மின்சாரம் தயாரித்த தனியார் நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று சொன்னதோடு, மேற்பார்வை செய்ய வேண்டிய அரச நிறுவனங்களும் கடமை தவறின என்று நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு, துணிந்த தீர்ப்பு. எங்கள் ஆட்களே அதைப் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம். ஆனால் கொலம்பிய நீதிமன்றமாக இருந்திருந்தால் வருஷா வருஷம் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைத் தன் மேசைக்குக் கேட்டிருக்கும்.

ஜனநாயகமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2018 நவம்பரில் ஜனாதிபதி சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, மக்கள் தேர்ந்தெடுத்த சபையைக் காப்பாற்றியது தேர்ந்தெடுக்கப்படாத ஏழு நீதிபதிகள். வழக்காளிகளில் ஒருவர் எங்கள் சம்பந்தன் ஐயா. ஆகவே தேர்தலையும் நீதிமன்றத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க முடியாது. அதற்காக எதிலும் இறங்கலாம் என்றும் இல்லை. 2008 டிசெம்பரில் பெற்றோல் லீற்றரை நூறு ரூபாய்க்கு விற்கச் சொல்லி எங்கள் உயர் நீதிமன்றத்திலிருந்து உத்தரவு வந்தது. அரசு கேட்கவில்லை, நீதிமன்றம் பின்வாங்கியது. விலை நிர்ணயம் நீதிபதியின் வேலை இல்லை. இந்தியாவில் 2001இல் பாடசாலைகளில் சமைத்த மதிய உணவு கொடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவு நிலைத்து நின்றது. களஞ்சியம் நிறையத் தானியம் கிடந்தது, திட்டமும் காகிதத்தில் இருந்தது, நீதிமன்றம் தன் சார்பில் ஆணையாளர்களை வைத்துக் கண்காணித்தது. தமிழ்நாட்டுக்கு அந்த உத்தரவு தேவைப்படவில்லை. 1982இலேயே எம்.ஜி.ஆர். அரசு சத்துணவைக் கொடுத்துவிட்டது. வாக்கால் வெல்லக்கூடியவர்கள் வாக்கால் வெல்லட்டும். பாராளுமன்றத்தில் ஒரு நாளும் பெரும்பான்மை எடுக்க முடியாத எங்களைப் போன்றவர்கள் வேறு எங்கே போவது?

போவது என்று சொன்னேன். என் கவலையெல்லாம் அங்கேதான். கொலம்பியாவில் அடிப்படை உரிமை மீறப்பட்டவர் கிட்டவுள்ள எந்த நீதிபதியிடமும் போகலாம், சட்டத்தரணி தேவையில்லை, பத்து நாளுக்குள் தீர்ப்பு. எங்களுக்கு ஒரே இடம், கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றம். வழக்குப் போட ஒரே ஒரு மாதம். பருத்தித்துறையில் ஒரு தாயின் மகனைப் பிடித்துக்கொண்டு போனால், எந்த முகாம், எந்தப் பொலிஸ் நிலையம் என்று அலைந்தே முதல் வாரம் போய்விடும். பிறகு காசு புரட்ட வேண்டும், இரவு பஸ் ஏற வேண்டும், தமிழ் தெரிந்த சட்டத்தரணியைத் தேட வேண்டும். அதற்குள் மாதம் முடிந்துவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. இது தெரியாமல் வழக்கை இழந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். உங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழு இதை மட்டும் ஊர் ஊராகப் பரப்பினாலே பெரிய உதவி.

பிடித்துக்கொண்டு போனவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுக்களைக் கேட்க மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. போர் முடிவில் சரணடைந்து காணாமற்போனவர்களின் மனைவிமார் வவுனியா மேல் நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள். முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள், தங்கள் ஊருக்குக் கிட்ட, தங்கள் மொழியில். வருஷங்கள் இழுபட்டாலும் 2022 டிசெம்பரில் இராணுவத்தைப் பதில் சொல்லச் சொல்லி வவுனியா மேல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடிப்படை உரிமை வழக்குகளையும் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு மேல் நீதிமன்றங்கள் கேட்கட்டும், ஒரு மாதத்தை ஒரு வருஷமாக்கட்டும், 80(3) போகட்டும். அரசியலமைப்பு நீதிமன்றத்தில் யார் யார் இருப்பது என்ற பேச்சுக்கு முன்னால் நான் கேட்பது இந்த மூன்றையும்தான். இவை இல்லாமல் தனி நீதிமன்றம் வந்தால் உங்கள் நண்பர்கள் எதிர்க்கட்டும், நானும் அவர்களோடு சேர்ந்து எதிர்ப்பேன்.

அன்புடன்