எந்த மனு, எந்த அலுவலகத்தில்?

வயதான பெற்றோரையும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவான கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டு நடைமுறைக்கு உரியவை.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கும்பகோணம் பக்கத்தில் கிராமத்தில் அம்மா ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறார். நான் ஓசூரில் வேலையில் இருக்கிறேன். அரசு உதவி என்று கேட்டால் ஆளுக்கு ஓர் அலுவலகத்தைச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?
– வாசகர், ஓசூர்

பதில்: இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்குங்கள். ஒன்று, வீட்டுக்கு ஆள் வரவைப்பது. இன்னொன்று, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் மற்றதைக் கேட்க முடியும் என்று நினைத்துப் பலர் காத்திருந்துவிடுகிறார்கள். சிகிச்சைக்குச் சான்றிதழ் தேவையே இல்லை. பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் கை கால் அதிகமாகத் திரும்பும். அந்த நாட்களை வீணாக்கக் கூடாது.

வீட்டுக்கு வரும் சேவை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து தரும் திட்டம் என்றுதான் ஊரில் இதற்குப் பெயர். ஆனால் பிசியோதெரபியும், படுக்கையில் கிடப்பவர்களுக்கான நோய் ஆதரவுச் சிகிச்சையும் இதிலேயே அடங்கும். அம்மா உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போய், கிராம சுகாதார செவிலியரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கொடுத்து, “பிசியோவும் நோய் ஆதரவு செவிலியரும் வீட்டுக்கு வர வேண்டும், பதிவு செய்துகொள்ளுங்கள்” என்று தெளிவாகக் கேட்கட்டும். மாத்திரை வேண்டும் என்று மட்டும் கேட்டால் மாத்திரை மட்டும்தான் வரும்.

பல கிராமங்களைச் சுற்றி வரும் பிசியோவால் தினமும் உங்கள் வீட்டுக்கு வர முடியாது. வரும் நாளில் அம்மா மூன்று விஷயங்களைக் கற்றுக்கொண்டால் மீதி நாட்களைச் சமாளிக்கலாம்: படுக்கையில் புரட்டிப் படுக்கவைப்பது, எழுப்பி உட்காரவைப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது. நாற்காலியை அப்பாவின் இடது பக்கம், அதாவது பலம் உள்ள பக்கம் போட வேண்டும். தூக்கும்போது விழுந்துபோன வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பிடிமானம் இழந்த தோள்மூட்டு இறங்கி, பிறகு தொட்டாலே வலிக்கும் நிலை வந்துவிடும். அந்த வலிக்குப் பயந்தே பலர் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். படுத்தே இருக்கும் நேரங்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். ஏர்பெட் வாங்கியிருந்தாலும் இதில் மாற்றமில்லை. கரன்ட் போய் மோட்டார் நின்றால் அது வெறும் பிளாஸ்டிக் விரிப்புதான். படுக்கைக்கு அடியில் இடுப்புக்கு நேராகக் கையை நுழைத்துப் பாருங்கள். உடம்பின் கனம் நேராகக் கையில் பட்டால் காற்று போதவில்லை.

இனி சான்றிதழ். நரம்பு சம்பந்தமான பாதிப்புகளில், நோய் வந்து ஆறு மாதம் கழிந்த பிறகுதான் ஊனத்தின் சதவீதத்தை மதிப்பிட வேண்டும் என்பது மருத்துவக் குழுவுக்கான வழிகாட்டுதல். மூன்றாம் மாதத்தில் அப்பாவைக் காரில் ஏற்றிக் கூட்டிப்போய்த் திரும்பிவர வேண்டாம். அதற்குள் சேர்க்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், தொடர் சிகிச்சைச் சீட்டுகள், ஆதார், பாஸ்போர்ட் அளவு போட்டோ. ஆதாரிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் பெயர், இனிஷியல் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கடைசியில் மனு நின்றுபோவது பெரும்பாலும் இதில்தான்.

இந்தச் சான்றிதழுக்கும், யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். கையெழுத்துப் போட முடியாவிட்டால் கைநாட்டு போதும். பிறகு அரசு மருத்துவமனையில் போர்டு, அதாவது மருத்துவக் குழு, கூடும் நாளில் அசல் ஆவணங்களோடு போக வேண்டும். எந்தக் கிழமை எந்த டாக்டர் பார்க்கிறார் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வெள்ளை அட்டை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். 40-ஐத் தொட்டால்தான் பெரும்பாலான சலுகைகள் திறக்கும்.

பராமரிப்பு உதவித்தொகை தருவது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்ற பிரிவில் கேட்க 75 சதவீதமாவது இருக்க வேண்டும். 2023 ஜனவரி முதல் இது மாதம் 2,000 ரூபாய். முதியோர் உதவித்தொகை வேறு. அது வருவாய்த் துறையுடையது, 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவு செய்வார். ஆதரவற்றவர்களுக்கு என்று உருவான திட்டம் என்பதால், சம்பாதிக்கும் மகன் இருந்தால் அந்த மனு நிற்பது கடினம். இரண்டையும் சேர்த்து வாங்கவும் முடியாது. அப்பாவுக்கு 75 சதவீதம் கிடைத்தால் முதல் வழியில் போங்கள்.

சக்கர நாற்காலியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசமாகப் பெறலாம். வருமானம் குறைவான முதியோருக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்ட முகாம்களில் நாற்காலி, வாக்கர், காது கேட்கும் கருவி, பல்செட் தருகிறார்கள். எங்கே வாங்கினாலும் முதலில் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். அப்பா உட்கார்ந்திருக்கும்போது இடுப்பின் அகலம் எவ்வளவோ, அதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக சீட் இருந்தால் போதும். அகலமான சீட்டில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அடுத்தது பாத்ரூம் கதவு. நம் ஊர் வீடுகளில் அது பெரும்பாலும் இரண்டு, இரண்டரை அடிதான். 18 அங்குல சீட் உள்ள சாதாரண நாற்காலி வெளி அகலத்தில் 25 அங்குலத்தைத் தொடும். நுழையாது என்றால், உட்கார்ந்தபடியே மலம் கழிக்க வசதியுள்ள கம்மோடு நாற்காலி ஒன்றைத் தனியாகக் கேளுங்கள். கைப்பிடி கழன்று வருவதாகவும், கால் வைக்கும் பலகை பக்கவாட்டில் விலகுவதாகவும் இருந்தால் அம்மாவின் முதுகு தப்பும்.

தமிழ்நாடு அரசின் ‘உரிமைகள்’ திட்டத்தின்கீழ் ‘விழுதுகள்’ என்ற பெயரில் திறக்கப்படும் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் பிசியோ, பேச்சுப் பயிற்சி போன்றவை ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. உங்களுக்கு அருகில் திறந்திருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பேச்சு குழறினாலோ, தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ பேச்சுப் பயிற்சியாளரைப் பார்ப்பது அவசரம்.

மனுவை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். நகராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி மனு கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் மகளுக்கு 17 வயது, அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு. 18 ஆனதும் எங்கள் கையெழுத்து செல்லாது என்று வங்கியில் சொல்கிறார்கள். பெற்றவர்களுக்கே உரிமை இல்லையா? எங்களுக்குப் பிறகு இவளுக்கு என்ன வழி?
– வாசகி, விருதுநகர்

பதில்: வங்கி சொல்வது சரிதான். சட்டத்தின் கண்ணில் 18 வயதானவர் தனி நபர். பெற்றோர் தானாகக் காப்பாளர் ஆவதில்லை. அதற்காகத்தான் 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கு இந்த வழி இல்லை.

மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் உள்ளூர் நிலைக் குழு இருக்கிறது. ஒரு பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் அதில் உறுப்பினர்கள். மகளுக்கு 18 முடிந்ததும் சட்டப்படியான காப்பாளர் நியமனத்துக்கு இந்தக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். யு.டி.ஐ.டி. அட்டை, வயதுச் சான்று, மூவரின் ஆதாரையும் இப்போதே தயாராக வைத்துக்கொண்டால், பிறந்த நாள் கழிந்த வாரமே கொடுத்துவிடலாம். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. நியமனமான ஆறு மாதத்துக்குள் மகள் பெயரில் உள்ள சொத்து, பணத்தின் பட்டியலைத் தர வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கு காட்ட வேண்டும். இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். உங்களுக்குப் பின் அண்ணனோ சித்தியோ காப்பாளராக வரும்போது, மகளின் பணத்துக்குப் பாதுகாப்பு இந்தக் காகிதங்கள்தான்.

இதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஏற்கெனவே இருக்கும் குறைபாடு என்று சொல்லித் தள்ளுவதில்லை. தெரபிச் செலவுக்கும் உச்சவரம்போடு இடம் உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

உங்கள் இருவரில் யாராவது அரசு ஊழியரோ ஓய்வூதியரோ என்றால் இன்னொன்று: சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்க உண்டு. மகளின் பெயரையும் சான்றிதழையும் உங்கள் காலத்திலேயே ஓய்வூதியப் பதிவில் ஏற்றிவிடுங்கள். பெற்றோர் மறைந்த பிறகு இதை நிரூபிக்க உறவினர்கள் படும் பாடு கொஞ்சமல்ல.

கேள்வி: அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஆள் வைக்கப்போகிறோம். என்னென்ன கேட்க வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில், உங்களுக்குத் தேவை நர்ஸா, அட்டெண்டரா என்று முடிவு செய்யுங்கள். குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட, டயப்பர் மாற்ற, நடக்கும்போது கைபிடிக்க அட்டெண்டர் போதும். ஊசி, மூக்குக் குழாய் மாற்றுவது, சிறுநீர்க் குழாய் போடுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டு – இவற்றுக்கு ஏ.என்.எம். அல்லது ஜி.என்.எம். படித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர் வேண்டும். அட்டெண்டரை அனுப்பி நர்ஸ் என்று பில் போடும் இடங்கள் இருக்கின்றன. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது விடுப்பு. வந்தவர் ஊருக்குப் போனால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், வராத நாளுக்குச் சம்பளம் கழியுமா, நாமே நிறுத்தினால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். தகராறு வருவது பெரும்பாலும் அட்வான்ஸில்தான். 24 மணி நேர வேலை என்றால், அவர் தூங்க எந்த நேரம் என்பதையும் பேசிவிடுங்கள். இரவில் நான்கு முறை எழுந்திருக்க வேண்டிய நோயாளியை ஒரே ஆள் பகலும் இரவும் பார்க்க முடியாது. பார்த்தால் ஒருநாள் கைதவறும்.

ஒரு நோட்டில் மாத்திரை நேரம், சாப்பாடு, மலம், சிறுநீர், புரட்டிய நேரம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: அன்போடு பார்த்துக்கொள்வான் என்று நம்பி வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது சோறு போடுவதில்லை. பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா?
– மூத்த வாசகி, திருச்சி

பதில்: முடியும் அம்மா. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் நீங்களாக ஒரு ரத்துப் பத்திரம் எழுத வேண்டாம். ஒருதலைப்பட்சமாக அப்படிச் செய்வது பெரும்பாலும் நிற்காது, செலவுதான் மிச்சம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவின்கீழ், வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுங்கள். அவர்தான் தீர்ப்பாயத்தின் தலைவர். வக்கீல் வைக்கத் தேவையில்லை. மனு எழுதிக்கொள்ள மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உதவி கேட்கலாம். வீட்டைத் திரும்பக் கேட்பதோடு, மாதாந்திரப் பராமரிப்புத் தொகையையும் இடைக்கால உதவியையும் அதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள். பராமரிப்புத் தொகைக்குச் சட்டத்தில் உள்ள உச்சவரம்பு 10,000 ரூபாய். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், ஒரே ஒருமுறை 30 நாள் நீட்டிக்கலாம்.

‘பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று பத்திரத்தில் எழுதவில்லையே என்று மகன் தரப்பு வாதாடும். அன்பின் பேரில் எழுதிக் கொடுத்தது என்றாலே பராமரிப்பு என்ற நிபந்தனை அதில் அடங்கியிருக்கிறது என்று 2025-ல் நாகப்பட்டினம் வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை மனுவில் குறிப்பிடுங்கள். உத்தரவு வந்ததும் சார்பதிவாளரிடம் கொடுத்து வில்லங்கத்தில் பதியவைக்க மறக்காதீர்கள். பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இனிமேல் எழுதிக்கொடுக்கப் போகிறவர்கள் உணவு, மருத்துவம், ஆயுள்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை மூன்றையும் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

கேள்வி: அவசரத்துக்கு எந்த நம்பரைக் கூப்பிடுவது?
– வாசகர், வேலூர்

பதில்: முதியோருக்கு 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. தெருவில் கைவிடப்பட்டவர்களைப் பற்றியும் இதில் சொல்லலாம். மனநலத்துக்கு 14416, எந்த நேரமும். உடல்நல ஆலோசனைக்கு 104. வீட்டில் அடிக்கிறார்கள் என்று பெண்கள் சொல்ல 181. மனு மேல் நடவடிக்கை இல்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100.

கேள்வி: பாட்டிக்கு 84 வயது. விரல் ரேகை தேய்ந்துபோய் மெஷினில் விழவே இல்லை. ரேஷன், பென்ஷன் இரண்டும் சிக்கலாகிறது.
– வாசகர், தேனி

பதில்: ரேஷனுக்கு, பாட்டியால் கடைக்கு வர முடியாது என்று கடையில் அங்கீகாரப் படிவம் கொடுத்து, வாங்கப்போகும் நபரின் பெயரைப் பதிவு செய்யலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே பொருள் கொண்டுவருகிறார்கள். பாட்டியின் கார்டு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் பாருங்கள்.

அரசு ஓய்வூதியம் என்றால், உயிர்வாழ் சான்றிதழை ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம், ரேகை வேண்டாம். வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வங்கிகள் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. கிளை மேலாளருக்கு எழுத்தில் கேளுங்கள். ரேகையை மட்டும் முயன்று பார்த்துத் திருப்பி அனுப்பும் இடங்களில், கருவிழிப் பதிவு மெஷின் இருக்கிறதா என்று கேட்கவும் தயங்காதீர்கள். விரல் தேய்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் அது ஒரே தடவையில் விழுந்துவிடும். கண்புரை முற்றியிருந்தால் மட்டும் சிரமம், அதற்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகவே அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.