டாக்டர் அக்கா பதில்கள்: இறங்காத விரை

கேள்வி: டாக்டர் அக்கா, எங்கள் அல்சேஷனுக்கு எட்டு வயது. வாங்கும்போதே ஒரு விரை இறங்கவில்லை. "தானாக இறங்கிவிடும்" என்றார்கள். இப்போது இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி உதிர்கிறது, முலைக்காம்புகள் பருத்திருக்கின்றன. தெருவிலுள்ள ஆண் நாய்கள் எங்கள் கேட்டில் வந்து நிற்கின்றன. தோலுக்கு மருந்து போட்டும் கேட்கவில்லை. என்ன செய்வது?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தோல் மருந்துக்கு இது கேட்காதும்மா. இந்த வாரமே வயிற்றை ஸ்கேன் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

குட்டிக்கு இரண்டு மாதத்துக்குள் விரை பைக்குள் வந்துவிட வேண்டும். ஆறு மாதம்வரை பார்க்கலாம், அதற்குமேல் காத்திருந்து பயனில்லை. வயிற்றுச் சூட்டிலேயே கிடக்கும் விரையில் கட்டி வரும் வாய்ப்பு பத்து மடங்குக்கும் அதிகம். அவற்றில் செர்டோலி செல் கட்டி என்று ஒன்று, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரந்து தள்ளும். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் அந்த ஹார்மோனின் வேலையாகத்தான் தெரிகிறது.

முடி போனால் வளரும். நான் பயப்படுவது எலும்பு மஜ்ஜையை நினைத்து. அதே ஈஸ்ட்ரோஜன் மஜ்ஜையை அமுக்கி, ரத்த அணுக்கள் ஊறாமல் செய்துவிடும். நான் டாக்டராகி மூன்றாவது வருடம் பாக்சர் நாய் ஒருவன் வந்தான். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. நம் ஊரில் ஈறு வெளுத்தால் உண்ணிக்காய்ச்சல், பிலியரி என்றுதானே முதலில் தோன்றும்? அதற்கே ஊசி போட்டேன். அடிவயிற்றில் கடுகு கடுகாகச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அதைப் பார்த்தும் விரைப்பையைத் தொட்டுப் பார்க்கவில்லை. நாலு நாள் கழித்துத் தொட்டேன். ஒன்றுதான் இருந்தது, அதுவும் சுருங்கிப்போய். மற்றது வயிற்றுக்குள் ஆரஞ்சுப் பழம் அளவு. ரத்தம் ஏற்றி, கட்டியை எடுத்தும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. இன்றைக்கும் எந்த ஆண் நாய் வந்தாலும் என் கை முதலில் அங்கேதான் போகும்.

அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் ரத்த அணுக்களை எண்ணச் சொல்லுங்கள். தட்டணுக்கள் குறைந்திருந்தால் கத்தி வைத்த இடத்தில் ரத்தம் நிற்காது. எண்ணிக்கை சரியாக இருந்தால் தைரியமாக இருங்கள். இந்தக் கட்டி மற்ற இடங்களுக்குப் பரவுவது குறைவு. எடுத்துவிட்டால் பெரும்பாலான நாய்கள் தேறிவிடும், சில மாதங்களில் முடியும் முளைக்கும். இறங்கிய விரையையும் சேர்த்தே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம், இது பரம்பரையாக வருவது. இவனுக்குக் குட்டிகள் பிறந்திருந்தால் அந்த வீடுகளுக்கும் ஒரு போன் போட்டு, ஆண் குட்டிகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.