சிக்னாலிஸ்: கொன்ற எதிரி மறுபடி எழுவது பிழை இல்லை

சிக்னாலிஸ் என்ற திகில் வீடியோ கேமில் கொன்ற எதிரி மறுபடி எழுவது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். உடலை எரிக்காததால்தான் எழுகிறது. சுட்டு வீழ்த்துவது தற்காலிகம். ஒரேயடியாக முடிக்க உடலை எரிக்கும் தெர்மைட் ஃப்ளேர் என்ற தீப்பந்தம் வேண்டும். 2002-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் கேமின் மறுஆக்கத்திலும் மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கணுமே, அதே வித்தை.

"மூணு தடவை கொன்னாச்சு, குண்டு தீர்ந்துபோச்சு" என்கிறீர்கள். எல்லாரையும் சுடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அடுத்த அறையில் சுடாமல் சுவரோரமாகச் சுற்றி ஓடிப் பாருங்கள். விழுந்தவனை மிதித்தால் ஒரு குண்டு மிச்சம்.

ஆனால் ஃப்ளேர் கிடைப்பது அரிது. ஆட்டத்தைச் சேமிக்கும் அறைக்குப் போகும் வழியில் கிடப்பவர்களை மட்டும் எரியுங்கள்.

பையில் ஆறு பொருளுக்கே இடம் என்பதை, கேம் வெளிவந்த 2022-இல் பல விமர்சகர்களும் குறை சொன்னார்கள், சூழலைக் கொண்டாடியவர்கள் உட்பட. எனக்கு அந்த நெருக்கடிதான் பயமே. இப்போது தேவைப்படாத சாவிகளைச் சேமிக்கும் அறையில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.